அந்தியேட்டிக்கு முன் ஐயாவின் கல்வெட்டை எழுதி முடிப்பது எப்படி

செத்தவீடு முடிந்து, பந்தலும் வாடகைக் கதிரைகளும் போன பிறகுதான் யாராவது கேட்பார்கள், "கல்வெட்டு ஆர் எழுதுறது?" எங்கள் அப்பா, நாங்கள் ஐயா என்று கூப்பிடுகிறவர், செத்தபோது கேட்டவர் மாமா. தம்பி கொள்ளி வைத்தவன், அவனுக்கு ஐயரோடும் கிரியை செய்கிற கீரிமலையோடும் ஓட்டம். அக்கா கனடாவில் இருந்து இரண்டு கிழமை லீவில் வந்தவள், அவளுக்கு அழவே நேரம் போதவில்லை. ஆகவே அது என்னிடம் வந்தது. அலுமாரியில் கிடந்த பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்துப் பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது பிழை என்று விளங்கப் பத்து நாள் பிடித்தது. அதற்குப் பிறகு ஊரில் ஐந்தாறு வீட்டுக்கு எழுத உதவியிருக்கிறேன், எல்லா வீட்டிலும் அதே இடங்களில்தான் தடக்குப்படுகிறார்கள், அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் இறந்தவரைப் பற்றி அச்சடித்து, 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி வருகிற வீட்டுக்கிருத்தியத்தில் சனத்துக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். முந்தி முழுக்கப் பாட்டாகவே இருக்கும். ஊரில் உள்ள புலவர் ஒருவர் வெண்பாவும் விருத்தமுமாகப் பாடிக் கொடுக்க, அதைச் சபையில் ராகத்தோடு வாசிப்பார்கள். இப்போது தேவார திருவாசகமும் வாழ்க்கை வரலாறும் படங்களும் சேர்ந்து நினைவு மலர் என்ற பெயரில் வருகிறது, என்றாலும் வாயில் வருவது கல்வெட்டு என்ற சொல்தான்.

31 நாள் என்று கேட்கும்போது நிறைய நாள் போல இருக்கும். இல்லை. அச்சகத்துக்கு ஒரு கிழமையாவது வேண்டும், இரண்டு தரம் புரூப் பார்க்க வேண்டும், வெளிநாட்டில் இருந்து படம் வர வேண்டும். கணக்குப் பார்த்தால் எழுதுவதற்கு உங்கள் கையில் இருப்பது எட்டுச்செலவுச் சடங்கில் இருந்து இருபதாம் நாள் வரைக்கும்தான். ஆனால் எழுதுவதற்கு வேண்டிய சரக்கு அதற்கு முதலே வீட்டுக்கு நடந்து வந்துவிடும். அதைப் பிடிக்காமல் விட்டால் பிறகு கிடைக்காது.

முதல் வேலை: ஒரு கொப்பி

செத்தவீட்டன்றோ அடுத்த நாளோ ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து விறாந்தையில் வையுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கதையோடு வருவார்கள். "அவர் எங்கட கலியாணத்துக்கு விடியப்புறம் நாலு மணிக்கே வந்து நிண்டவர்" என்று யாராவது சொன்னால், சொன்னவர் பெயரையும் அந்த வரியையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அழகுபடுத்த வேண்டாம். கைபேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டால் பெரும்பாலானோர் ஓம் என்பார்கள், ஆனால் போனை நீட்டியதும் பேச்சு மாறிவிடும், "அன்னார் மிகவும் நல்ல மனிதர்" என்று வானொலி மரண அறிவித்தல் போலப் பேசத் தொடங்குவார்கள். கொப்பிதான் நல்லது.

எங்கள் ஐயா சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எட்டுச்செலவுக்கு முதல் நாள் பின்னேரம், எங்களில் ஒருவருக்கும் தெரியாத ஓர் ஆள் வந்து இருந்தார். மானிப்பாய்ப் பக்கம் என்றார். தேத்தண்ணி கொடுத்து, ஐயாவை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கு அவரை ஒரு இரவுதான் தெரியும், பிள்ளை. 95இல இடம்பெயரேக்க கைதடிக்குக் கிட்ட ரோட்டோரமாப் பம்பை வச்சுக்கொண்டு நிண்டவர். என்ர சைக்கிளில அம்மாவும் ரண்டு பையும். முன் ரயர் போட்டுது. லாம்பு வெளிச்சத்தில ஒட்டித் தந்தவர்."

"காசு வேண்டினவரோ?"

"ஓம், வேண்டினவர். கடையில வேண்டுற அதே காசு. அண்டைக்கு ரோட்டில வித்த சாமான் எல்லாம் என்ன விலை எண்டு உங்களுக்குத் தெரியாது."

1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்க, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. எங்களைப் பெரியப்பாவோடு உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, ஐயா சைக்கிளில் பின்னால் வருகிறேன் என்றவர், அடுத்த நாள் மத்தியானம்தான் மீசாலைக்கு வந்து சேர்ந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா பேசினது எனக்கு நல்ல நினைவு. "சனம்" என்று ஒரு சொல்தான் சொன்னவர். நெரிசலைச் சொல்கிறார் என்றே நாங்கள் எல்லாரும் இத்தனை வருடமும் நினைத்திருந்தோம்.

அந்த மனிசன் தேத்தண்ணி குடித்த நேரம் பத்து நிமிடம் இருக்காது. கொப்பி கையில் இருந்ததால் அவர் சொன்னது அவர் சொன்னபடியே மலரில் இருக்கிறது.

ஆட்களைத் தேடிப்போய்க் கேட்கும்போது "ஐயா எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். தங்கமான மனுசன் என்று வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. அவர் காலமை எழும்பினால் முதல் என்ன செய்வார், எதற்குக் கோபம் வரும், எந்தக் கடையில் சாமான் வாங்க மாட்டார், கடைசியாக எப்போது கண்டீர்கள், அப்போது என்ன கதைத்தார் என்று கேளுங்கள். அம்மாவிடம் இதைக் கேட்கிற நேரம் வேலை செய்துகொண்டிருக்கிற நேரமாக இருக்கட்டும். கீரை ஆய்ந்துகொண்டு இருக்கும்போது எங்கள் அம்மா சொன்னதில் பாதிகூட அவர் கதிரையில் இருந்து சொல்லவில்லை. ஐயா சீனி போட்ட தேத்தண்ணி குடிக்க மாட்டார், பனங்கட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணிதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி இல்லாமல் பழகினது, சீனி வந்த பிறகும் மாறவில்லை.

திகதியும் திதியும்

இதில் பிழை விட்டால் பிறகு திருத்த ஏலாது, எனவே கொஞ்சம் மினக்கெடுங்கள். எங்கள் பெற்றோர் காலத்து ஆட்களுக்குப் பிறந்த திகதி இரண்டு இருக்கும், சிலருக்கு மூன்று. அடையாள அட்டையில் ஒன்று, சாதகத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கொடுத்தது இன்னொன்று. இடப்பெயர்வில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்த வீடுதான் கூட.

பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அந்த எண்ணோடு 500 கூட்டியிருப்பார்கள். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எடுத்து எண்ண வேண்டும். ஐயாவுடையது 48இல் தொடங்கி 121 என்று வந்தது, அதாவது 1948 ஏப்ரல் 30. ஆனால் சாதகக் கொப்பியில் சர்வசித்து வருடம் மாசி மாதம் என்று எழுதியிருந்தது. இங்கேதான் ஆட்கள் பிழை விடுகிறார்கள்: சர்வசித்து என்றால் 1947 என்று யாரோ சொல்ல அப்படியே போட்டுவிடுவார்கள். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது, ஆகவே சர்வசித்து 1947 சித்திரையில் தொடங்கி 1948 பங்குனியில் முடிகிறது. அதன் தை, மாசி, பங்குனி எல்லாம் 1948இல்தான் வரும். ஐயா மாசியில் பிறந்தவர், ஆறுதலாகப் பிந்தித்தான் பதிந்திருக்கிறார்கள். மலரில் சாதகத் திகதியைப் போட்டோம், அம்மா கோயிலில் அர்ச்சனை செய்த நட்சத்திரம் அதுதான்.

இறந்த நேரத்தைச் சரியாக எழுதி வையுங்கள், நாள் மட்டும் போதாது. ஆண்டுத் திவசம் மாதமும் பட்சமும் திதியும் பார்த்துத்தான் வரும், ஒரே நாளில் காலமை ஒரு திதியும் பின்னேரம் வேறொரு திதியும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இரண்டும் புழக்கத்தில் இருப்பதால், உங்கள் வீட்டில் எது என்று குருக்களிடமோ பெரியவர்களிடமோ கேட்டு ஒன்றைப் பிடியுங்கள். மலரின் முதல் பக்கங்களில் வருகிற திதி வெண்பா வெறும் அலங்காரம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற பேரன் இருபது வருடம் கழித்து அதைப் பார்த்துத்தான் திவசம் கொடுப்பான்.

அதே காரணத்தால் வேறொரு கல்வெட்டின் வெண்பாவை எடுத்துத் திதியை மட்டும் மாற்றிப் போடாதீர்கள். பஞ்சமி இருந்த இடத்தில் ஏகாதசியை வைத்தால் அசை கூடித் தளை தட்டும். யாப்புத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், ஊரில் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவராவது இருப்பார். வருடம், மாதம், பட்சம், திதி, பெயர், இவ்வளவையும் எழுதிக் கொடுத்தால் போதும். ஐயாவுக்கு எழுதித் தந்தவர் அவரிடம் சைக்கிள் வாங்கி மாதாமாதம் காசு கட்டிய மாஸ்ரர்.

வாழ்க்கை வரலாறு: இதில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்

பழைய கல்வெட்டுகளைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரித் தொடங்கும். ஈழமணித் திருநாட்டின் சிரசென விளங்கும் யாழ்ப்பாணத்தில், நீர்வளமும் நிலவளமும் நிறைந்து, சைவமும் தமிழும் தழைத்தோங்கும் இன்ன கிராமத்தில் என்று ஒரு பந்தி. அதைத் தொடர்ந்து பாசமிகு மகனாய், அன்புக் கணவராய், ஆருயிர்த் தந்தையாய் என்று இன்னொரு பந்தி. எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, துக்கத்தில் இருக்கிற வீட்டுக்குத் தயாராக இருக்கிற சொற்கள் ஒரு கைத்தடி. ஆனால் நான் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது: எழுதிய பந்தியில் ஐயாவின் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மானின் பெயரை வைத்து வாசியுங்கள். பொருந்தினால் அந்தப் பந்தியை வெட்டுங்கள். என்னுடைய முதல் வரைவு நாலு பக்கம், இந்தச் சோதனைக்குப் பிறகு மிஞ்சினது ஒன்பது வரி.

சரி, அந்த இடத்தில் என்ன வைப்பது? முதலில் ஊர். ஐயா பிறந்தது ஏழாலை. நீர்வளம் நிலவளம் என்று எழுதுவதை விட்டு, செம்மண்ணையும் கிணற்றையும் துலாவையும், பள்ளிக்கூடம் போக முதல் அவர் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி கட்டினதையும் எழுதினேன். அடுத்தது தொழில். அவர் ஏன் சைக்கிள் கடை தொடங்கினார் என்று யோசித்தபோது எனக்கு விடை தெரியவில்லை, பெரியப்பாவிடம் கேட்டேன். 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டுச் சாமானுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை, வலிகாமத்துத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. அதே கட்டுப்பாட்டால் புதுச் சைக்கிளும் உதிரிப்பாகமும் கிடைப்பது கஷ்டம். கையில் காசு இருந்தும் புதிது வாங்க வழியில்லை, பழையதைத் திருத்தி ஓடத்தான் வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஐயாவின் கடை எழும்பியிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தின அரசாங்க முடிவு ஒன்று எங்கள் வீட்டுச் சோறாக இருந்திருக்கிறது என்று எனக்கு அவர் செத்த பிறகுதான் தெரிந்தது.

வருடங்களைப் பிடிக்க ஒரு வழி. எங்கள் ஆட்களுக்கு எண் நினைவில் நிற்காது, "ஆராய்ச்சி மாநாடு நடந்த வருசம்", "லைபிரரி எரிஞ்சதுக்குப் பிறகு", "இந்தியன் ஆமி நிக்கேக்க" என்றுதான் சொல்லுவார்கள். அதை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழாராய்ச்சி மாநாடு 1974 தை (இங்கே தை என்றால் ஜனவரி, ஆடி என்றால் ஜூலை, அப்படித்தான் எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள்). நூலகம் எரிந்தது 1981 மே 31 இரவு தொடக்கம். கலவரம் 1983 ஆடி. இந்தியப் படை 1987 ஆடிக் கடைசியில் இருந்து 1990 பங்குனி வரை. 1990 ஆனியில் மறுபடி சண்டை, கரண்டும் யாழ்தேவி ரயிலும் நின்ற காலம். 1995 ஐப்பசி இடப்பெயர்வு, 1996 சித்திரை, வைகாசியில் சனம் திரும்பியது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 பாதை 2002இல் திறந்து 2006 ஆவணியில் மூடியது. ஒரு தாளில் இவற்றை இடப்பக்கம் எழுதி, வலப்பக்கத்தில் அந்தந்த நேரம் ஐயா எங்கே இருந்தார், என்ன வயது, எந்தப் பிள்ளை பிறந்திருந்தது என்று நிரப்பிக்கொண்டு போங்கள். பாதி வரலாறு அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

ஆனால் மலர் நாட்டு வரலாறாக மாறிவிடக் கூடாது. ஒரு வீட்டில் எழுதிக் கொண்டுவந்து காட்டினார்கள், ஆறு பக்கம் போர், இறந்த மனிசன் எங்கேயோ மூலையில். தடைக் காலம் எப்படி இருந்தது என்பதை மற்றப் புத்தகங்களில் வாசிக்கலாம், அந்தக் காலத்தில் உங்கள் ஐயாவின் கை என்ன செய்தது என்பதை உங்களைத் தவிர ஒருவரும் எழுதப் போவதில்லை. பெற்றோல் இல்லாத அந்த ஐந்து வருடமும் குடாநாடு சைக்கிளில்தான் ஓடியது, ஐயாவுக்கு இரவுபகல் வேலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கு மேசையில். ஒன்பதே கால் மணிக்கு யாராவது பொடியனைப் பிடித்துச் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுப் பெடலைச் சுற்றச் சொல்லி, டைனமோவில் ரேடியோவைப் பூட்டி, பிபிசி தமிழோசை கேட்பார்.

இதோடு ஒரே ஒரு விஷயத்தைக் கிட்டப் போய் எழுதுங்கள். ஒன்று போதும், ஆனால் முழுக்க எழுத வேண்டும். நான் எடுத்தது அவர் ஓட்டை பார்க்கிற விதம். ரியூப்புக்குக் காற்றடித்து, பாதியாக வெட்டின பிளாஸ்ரிக் கானில் தண்ணியில் அமத்தி, குமிழி வருகிற இடத்தைப் பென்சிலால் வட்டம் போடுவார். துடைத்து, காயவிட்டு, அரத்தால் ராவி, சொலூசன் பூசி ஊதுவார். பூசின கையோடு ஒட்ட மாட்டார். பசை மினுக்கம் போகும் வரைக்கும் பொறுத்திருந்துதான் துண்டை வைப்பார், அவசரப்படுத்துகிறவர்களிடம் வாங்கில் இருக்கச் சொல்லுவார். எல்லாம் முடிந்து ரயருக்குள் போட முதல் ரியூப்பைக் கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மெதுவாகச் சுற்றுவார். தண்ணி காட்டாத ஓட்டையைக் கன்னம் காட்டும் என்பார். ஊரில் இந்த ஒரு பந்தியைத்தான் எல்லாரும் சொன்னார்கள், வாசித்துக்கொண்டு போகும்போது தங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

எதை விடுவது, எதை விடக்கூடாது

வரைவை மாமா வாசித்துவிட்டு "வள்ளல் எண்டு ஒரு சொல் போடு பிள்ளை" என்றார். நான் போடவில்லை. ஐயா காசில் கறார். கடைக் கொப்பியில் கடன்காரரை ஒவ்வொரு ஆளாகப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார், பெயர் தெரியாதவர்களுக்கு அடையாளம்: "பச்சைச் சாரம், பெரிய ரியூப் 1", "மருதடியில் கண்ட பொடியன், பிறேக் கட்டை 2". கொடுத்தால் கோடு போடுவார், கொடுக்காவிட்டால் அப்படியே கிடக்கும், ஒன்றையும் அழித்தது இல்லை, ஒருவரிடமும் வீட்டு வாசலில் போய்க் கேட்டதும் இல்லை. அவரை வள்ளல் என்றால் கடைக்கு வந்த முழுச் சனத்துக்கும் அது பொய் என்று தெரியும், ஒரு பொய் கண்டால் மிச்சத்தையும் நம்ப மாட்டார்கள். காசில் கறார் என்று எழுதினேன். அம்மா முதலில் "அதை எழுதாதை" என்றவர், கொப்பிப் பக்கம் ஒன்றைப் படமாகப் போடுகிறேன் என்றதும் விட்டுவிட்டார். பெயர் உள்ள வரிகளை மறைத்துத்தான் போட்டோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

குடி, காணிச் சண்டை, வீட்டுக்குள் நடந்த வேறு விஷயங்கள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உயிரோடு இருக்கிற ஒருவருக்குக் காயம் வரும் என்றால் எழுதாதீர்கள், 31ஆம் நாள் அதற்கான இடம் இல்லை. ஆனால் அதற்கு எதிரான பொய்யையும் எழுத வேண்டாம். குடித்தவரை ஒழுக்கசீலர் என்று எழுதினால் அவரோடு வாழ்ந்த மனுசிதான் அதை முதலில் வாசிப்பார். பேசாமல் விடுவதில் பிழை இல்லை.

இன்னொன்று, எங்கள் ஊரில் இதுதான் எல்லாவற்றிலும் கடினம். உறவுகளை எழுதும்போது இறந்தவர்கள் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவது வழக்கம். எங்கள் சித்தப்பா 1996இல் வீட்டை விட்டு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அச்சகத்தில் பட்டியலை அடித்தவர் வழக்கப்படி காலஞ்சென்ற என்று சேர்த்துவிட்டார். நல்ல காலம், புரூப்பில் கண்டேன். சித்தி இன்றைக்கும் குங்குமப் பொட்டு வைக்கிறார். இப்படி ஓர் ஆள் உங்கள் குடும்பத்திலும் இருந்தால் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், அவருடைய தாயிடமோ மனைவியிடமோ போய் எப்படிப் போடுவது என்று கேளுங்கள். சித்தி "ஒண்டும் போடாதை, பேரை மட்டும் போடு" என்றார். வேறொரு வீட்டில் ஒரு தாய் காணாமல் ஆக்கப்பட்ட என்றுதான் போட வேண்டும் என்று நின்றார், அங்கே அப்படித்தான் போட்டோம்.

புலம்பல்கள் பற்றிச் சுருக்கமாக: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒருவரே எல்லாருக்கும் எழுதுவதை விட, ஆளுக்கு நாலு வரி சொல்லச் சொல்லி அவர்கள் சொன்னதைப் போடுங்கள். அம்மா எழுத மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், ஒரு தேவாரம் போதும். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் குரல் செய்தியில் சொன்னால் வீட்டில் ஒருவர் தமிழில் எழுதலாம், அவர்கள் உடைத்துப் பேசின மாதிரியே விடுங்கள். தேவாரங்களைப் பொறுத்தவரை பஞ்சபுராணமும் சிவபுராணமும் வழக்கமாக வரும், அதோடு அவர் வாயில் எப்போதும் இருந்த பதிகம் ஒன்று இருக்கும், அதை மறக்க வேண்டாம். செத்தவீட்டில் பாடின திருப்பொற்சுண்ணத்தையும் சில வீடுகளில் சேர்க்கிறார்கள். பதிகங்களை இணையத்தில் இருந்து எடுத்தால் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

படமும் அச்சும்

முகப்புப் படம் கேட்டால் ஸ்ரூடியோக்காரர் தலையை வெட்டி எடுத்துக் கோட் சூட் போட்டுவிடுவார், பின்னால் முகில். எங்கள் ஐயா வாழ்நாளில் கோட் போட்டவர் இல்லை. வேட்டி சால்வையோடு கோயிலில் எடுத்த படம் முகப்புக்கு, கடை வாசலில் சாரத்தோடு குந்தியிருக்கிற படம் உள்ளே. இடப்பெயர்வில் உங்கள் அல்பம் போயிருந்தால் 80களில் வெளிநாடு போன சொந்தக்காரரைக் கேளுங்கள், இங்கே தொலைந்த கலியாணப் படங்கள் அங்கேதான் இருக்கின்றன. அனுப்பும்போது வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுருங்கி வந்து அச்சில் மங்கும். பழைய படத்தை ஸ்கான் செய்தால் 300 டிபிஐக்குக் குறைய வேண்டாம்.

நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்காக வர வேண்டும், 26 பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனால் 28 ஆக்கவோ 24 ஆகக் குறைக்கவோ சொல்லுவார்கள். எங்கள் அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் வேலை நடக்கிற இடங்கள் உண்டு. நீங்கள் யூனிகோடில் அடித்துக் கொடுத்ததை அவர்கள் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறலாம், கிரந்த எழுத்துகள் கெடலாம். மாற்றின பிறகு வருகிற புரூப்பை முதலில் இருந்து வாசியுங்கள், நான் ஏற்கனவே பார்த்தது என்று விடாதீர்கள். நீங்கள் எழுதினதில் உங்கள் கண்ணுக்குப் பிழை தெரியாது, வேறொருவர் சத்தமாக வாசிக்க நீங்கள் கேளுங்கள். பெயர்களை மட்டும் தனியாக ஒரு தரம்.

அந்தக் கடைசித் தரத்தைத்தான் நான் செய்யவில்லை. நேரம் போதவில்லை, 27ஆம் நாள் இரவு ஓம் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கிருத்தியத்தன்று எல்லாருக்கும் கொடுத்து, பந்தியும் தொடங்கின பிறகுதான் தெரிந்தது, சந்ததிப் பக்கத்தில் ஐயாவின் கடைசித் தங்கச்சி, எங்கள் சின்ன மாமி, அவர் பெயர் இல்லை. எட்டுப் பேரில் ஏழு பேர். மாமி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார், சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். ஒரு சொல் சொல்லவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்தால், ஏதும் காரணம் சொல்லிக்கொண்டு நிற்காமல் அடுத்த நாளே திருத்தத் துண்டு அச்சடியுங்கள். விடுபட்ட வரியை அதே எழுத்துருவில், அதே அளவில், அந்தப் பக்கத்தில் ஒட்டக்கூடிய மாதிரி. கொடுக்காமல் மிஞ்சின பிரதிகளில் நீங்களே ஒட்டுங்கள், கொண்டு போனவர்களுக்கு ஆள் விட்டுக் கொடுங்கள். மிஞ்சினதில் சிலவற்றை வெவ்வேறு வீடுகளில் வையுங்கள், ஒரே அலுமாரியில் வேண்டாம். ஒன்றை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள், அவர்கள் நினைவு மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து இணையத்தில் வைக்கிறார்கள், ஊர்களைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு அது உதவும். ஆனால் திருத்தம் ஒட்டின பிரதியைக் கொடுங்கள்.

சின்ன மாமி வீட்டுக்கு நானே போனேன். வாசலில் வைத்தே "மாமி, பிழை என்னுடையது" என்று சொல்லித் துண்டை நீட்டினேன். வாங்கி, கண்ணாடியைப் போட்டு, தன் பெயரையும் அதற்குப் பக்கத்தில் மாமாவின் பெயரையும் விரலால் தொட்டு வாசித்தார். பசைப் போத்தலை எடுத்து வரச் சொல்லி, மேசையில் புத்தகத்தை விரித்து வைத்து, ஓரம் பிசகாமல் தானே ஒட்டி, காயும் வரைக்கும் உள்ளங்கையால் அமத்திக்கொண்டு இருந்தார். பிறகு, பிரான்சில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்ப இன்னும் இரண்டு துண்டு தரச் சொன்னார்.